ஸ்பீக்கர் துணி மாற்ற எந்தப் பசை?

எலி கடித்தது வலது பக்க ஸ்பீக்கரை மட்டும்தான். ஆனால் துணி மாற்றுவதென்றால் இரண்டுக்கும் மாற்றியாக வேண்டும். ஒன்று பழைய பழுப்பு, ஒன்று புதுக் கறுப்பு என்று ஹாலில் வைக்க வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? கறுப்புத் துணி ஒரு மீட்டரும் ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன டப்பா சொல்யூஷன் பசையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மதியத்துக்குள், துணி ஒட்டுகிற முன்பக்கச் சட்டங்களில் முதலாவது முடிந்தது. திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் நான்கு ஓரத்திலும் பளபளவென்று ஒரு கோடு. பசை துணிக்குள் ஊறி முன்னால் வந்து நின்றிருந்தது. காய்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். காய்ந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

தப்பு கடையிலேயே ஆரம்பித்துவிட்டது. "நல்லா ஸ்ட்ராங்கா பிடிக்கிற பசையா கொடுங்க" என்று கேட்டேன். கேட்டதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஸ்பீக்கர் துணிக்குப் பலம் ஒரு பிரச்சினையே இல்லை. கைக்குட்டை கனம்கூட இல்லாத துணி அது. அதை இழுத்துக் கட்டினால் பசைமேல் விழுகிற பாரம் மிகக் குறைவு. ஆனால் அந்தப் பாரம் இரவு பகலாக, வருடக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். எனவே பசையிடம் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். துணியை நேராக இழுத்துச் சரிசெய்ய நேரம் கொடுக்கிறதா? நூலுக்குள் ஊறி முன்னால் வராமல் இருக்குமா? மே மாத வெயிலில் இளகித் துணியை நழுவ விடாதா? அப்புறம், அடுத்த முறை எலி வந்தால், சட்டத்தைக் கெடுக்காமல் உரித்து எடுக்க முடியுமா?

இந்த நான்கிலும் தேறுகிற பசை எதுவும் கிடையாது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைச் சட்டம்தான் சொல்லும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

பழைய பெட்டி ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். (இரண்டும் மரத் துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), இல்லாவிட்டால் பிளைவுட். இவை பசையை உறிஞ்சும். ஸ்டேப்ளர் முள்ளும் ஏறும். பிளாஸ்டிக் சட்டமாக இருந்தால் உள்பக்கம் எங்காவது சின்ன எழுத்தில் என்ன பிளாஸ்டிக் என்று அச்சு இருக்கலாம். ஏ.பி.எஸ். என்றிருந்தால் பசை பிடிக்கும். பி.எஸ். என்றால் பாலிஸ்டைரீன், பசை பிடிக்கும், ஆனால் சொல்யூஷனில் உள்ள கரைப்பான் அதையே கரைத்துவிடும். பி.பி. என்றால் பாலிபுரொப்பிலீன், எந்தப் பசையும் அதில் சரியாக நிற்காது, கரப்பான்பூச்சி உரித்த தோல் மாதிரி மொத்தமாகக் கழன்று வரும்.

சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடி, அதற்குள் ரப்பர் கயிறு திணித்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர்கள் அலுமினியச் சட்டத்தில் வலையை வைத்து, ரப்பர் கயிற்றைச் சின்னச் சக்கரத்தால் உள்ளே அழுத்துவார்களே, அதே முறைதான். பசையே வேண்டாம். பழைய கயிறு கெட்டிப்பட்டிருந்தால் அதே தடிமனில் புதுக் கயிறு கொசுவலைக் கடையில் கிடைக்கும். இதற்கு மேல் நீங்கள் படிக்க வேண்டியதுகூட இல்லை.

பள்ளம் இல்லாதவர்களுக்கு, முதலில் நான் சொதப்பிய பசை.

கார் சீட் தைக்கிற கடை, சோபா போடுகிற கடை, செருப்புத் தைக்கிற இடம், எங்கே போனாலும் மஞ்சளாக, தேன் பதத்தில், மூக்கைத் துளைக்கிற வாசனையோடு ஒரு பசை இருக்கும். ஊரில் சொல்யூஷன் என்போம். ஃபெவிகால் எஸ்.ஆர். 998, எஸ்.ஆர். 505 எல்லாம் இந்த வகை. செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்து வைத்தது. இதை ஒட்டும் முறையே தனி. இரண்டு பரப்பிலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். 10 முதல் 15 நிமிடம் சும்மா விட வேண்டும். விரலை வைத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அழுத்திய நொடியே பிடி.

அந்த 15 நிமிடம் எனக்குப் பொறுக்கவில்லை. ஈரத்தோடு துணியை வைத்து அழுத்தினேன். பின்னல் துணி விளக்குத் திரி மாதிரி. ஈரமான எதையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். கோடு வந்ததற்கு அதுதான் காரணம். இரண்டாவது தப்பு, சட்டத்தின் பக்கவாட்டிலும் தடவியது. முன்பக்க விளிம்பிலிருந்து எட்ட இருக்க வேண்டும் பசை. சட்டத்தின் முதுகில் மட்டும், வெளி ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தடவினால் போதும். துணி விளிம்பைச் சுற்றி வந்து முதுகில்தான் உட்காரப் போகிறது.

சரியாகச் செய்தால் சொல்யூஷன் நல்ல பசை. வெயிலைத் தாங்கும், ரப்பர் என்பதால் அதிர்வுக்கு வளைந்துகொடுக்கும், மரம், ஏ.பி.எஸ்., உலோகம் மூன்றிலும் நிற்கும். ஆனால் கை வைத்த இடத்தில் வைத்ததுதான். துணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுப்போம் என்பதெல்லாம் நடக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. காய்ந்த சொல்யூஷன் இன்னொரு சொல்யூஷன் பரப்போடுதான் கெட்டியாக ஒட்டும்; இடையில் பட்டர் பேப்பர் வைத்தால் பிடிக்காது. சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே பட்டர் பேப்பர் பட்டைகளைச் செருகி, துணியை நிதானமாக நேராக்கிவிட்டு, ஒவ்வொரு பட்டையாக உருவிக்கொண்டே அழுத்திப் போகலாம். ஒரு பக்கம் முடித்து, எதிர்ப்பக்கம், அப்புறம் மற்ற இரண்டு.

இன்னொன்று. இந்த வாசனை வெறும் வாசனை அல்ல, கரைப்பான் ஆவி, எளிதில் தீப்பிடிக்கும். மொட்டை மாடியிலோ தாழ்வாரத்திலோ செய்யுங்கள். சமையலறைக்குப் பக்கத்திலோ சாமி விளக்கு எரிகிற அறையிலோ டப்பாவைத் திறக்க வேண்டாம்.

மரச் சட்டம் என்றால் இந்த வம்பே தேவையில்லை என்பது என் கட்சி. வெள்ளை ஃபெவிகால் போதும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எம்.ஆர். ஆகட்டும், தச்சர்கள் வைத்திருக்கும் எஸ்.எச். ஆகட்டும், அடிப்படை ஒன்றுதான்: தண்ணீரில் கலந்த பி.வி.ஏ. என்கிற செயற்கைப் பிசின். மரம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, பசை கெட்டியாகிறது. வாசனை கிடையாது, கையில் பட்டால் தண்ணீரில் போகும், துணியில் பட்டால் ஈரம் காய்வதற்குள் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் வேலைக்கு ஆகாது. தண்ணீர் போக இடமில்லை, காய்ந்ததும் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிடும்.

குறை என்னவென்றால், பிடிக்க நேரம் எடுக்கும். அரை மணி நேரம் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? துணி காயப்போடுகிற கிளிப்பை வரிசையாக மாட்டலாம், வேலை நடக்கும். ஆனால் அழுத்துகிற இடத்தில் ஈரப் பசை பிதுங்கித் துணிக்குள் போகும். கறுப்புத் துணியில் காய்ந்த வெள்ளைப் பசை கண்ணாடி மாதிரி மின்னும்.

இதற்கு மாற்றாக நான் கற்றுக்கொண்டதுதான் இஸ்திரி முறை. பி.வி.ஏ. காய்ந்த பிறகும் சூடு பட்டால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். சட்டத்தின் முதுகில் முதலில் தண்ணீர் கலந்து நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு. பார்ட்டிகிள் போர்டு அதைக் குடித்துவிடும், குடிக்கட்டும். அது காய்ந்ததும் நீர்க்காத ஃபெவிகால் இன்னொரு பூச்சு, பழைய டூத் பிரஷ்ஷால் சீராக. இப்போது போய்ச் சாப்பிட்டுவிட்டு, தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். வெள்ளை முழுதாக மறைந்து, தொட்டால் வழவழப்பாக, துளியும் ஒட்டாமல் இருக்க வேண்டும். அப்புறம் துணியை விரித்து, சட்டத்தைக் குப்புற வைத்து, ஓரத்தை மடித்து இழுத்து, மேலே ஒரு பழைய வேட்டித் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் ஐந்தாறு நொடி அழுத்த வேண்டும். எடுத்துவிட்டு, அதே இடத்தை ஒரு கரண்டியின் முதுகால் ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும். கோணலாகப் போனால் மறுபடி சூடு காட்டி, பிரித்து, இழுத்து, திரும்ப ஒட்டலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

சொல்யூஷனில் கிடைக்காதது இந்தத் திரும்பச் செய்கிற வசதிதான். பசை காய்ந்த பிறகே துணியைத் தொடுவதால் ஊறி வருகிற பயமும் பெரும்பாலும் இல்லை. இஸ்திரிப் பெட்டியைப் பாலியெஸ்டருக்கு உள்ள அளவில் வைத்துத் தொடங்கி, போதவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். காட்டன் அளவுக்கு நேராகப் போனால் துணி சுருங்கிப் பளபளத்துவிடும். முதலில் ஒரு வெட்டுத் துண்டில் பார்த்துக்கொள்வது நல்லது. நைலான் வலைக்கும் பிளாஸ்டிக் இழை கலந்த பழைய ரகத் துணிக்கும் இந்த முறையே வேண்டாம். தண்ணீர் தாங்கும் என்று விற்கிற ஃபெவிகால் வகைகளும் இதற்குச் சரிவராது. அவை காய்ந்த பிறகு சூட்டுக்கு அவ்வளவாக இளகுவதில்லை.

சூட்டுக்கு இளகுகிறது என்றால் வெயில் காலத்தில்? நியாயமான கேள்வி. ஹாலில் இருக்கிற ஸ்பீக்கருக்குப் பிரச்சினை இல்லை. ஆனாலும் என் பழக்கம், ஒட்டி முடித்ததும் பக்கத்துக்கு நான்கைந்து ஸ்டேப்ளர் முள் அடித்துவிடுவது. 6 மில்லிமீட்டர் முள் போதும். அதற்கு மேல் நீளமானது மெல்லிய சட்டத்தில் முன்பக்கம் எட்டிப் பார்க்கும். இழுவையை முள் தாங்கும், ஓரம் பிரியாமல் பசை பார்த்துக்கொள்ளும். பார்ட்டிகிள் போர்டு ரொம்பப் பழசாகி, முள் அடித்தால் உதிர்கிற நிலையில் இருந்தால் மட்டும் முள்ளை விட்டுவிடுங்கள்.

இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிற ஹாட் க்ளூ கன், அதாவது பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி விடுகிற துப்பாக்கி. கைவினைக்கு என்று வாங்கி, கொலு வைக்கும்போது எடுத்து, பிறகு அலமாரியில் கிடப்பது. இதைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். முப்பது நொடியில் பிடிக்கும், துணிக்குள் அவ்வளவாக ஊறாது, பி.பி. பிளாஸ்டிக்கில்கூடச் சொரசொரப்பாக்கிவிட்டால் ஓரளவு நிற்கும். கழற்றுவதும் சுலபம்: சில சானிட்டைசர்களில் இருக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஓரத்தில் விட்டால் பசை தானாக விட்டுக்கொடுக்கும்.

குறை இரண்டு. முதலாவது, மேடு. நூல் மாதிரி விட்டாலும் காய்ந்தால் அரிசி மணி கனத்துக்கு நிற்கும். சட்டம் பெட்டியோடு ஒட்டி உட்காராது, இடைவெளி விடும், சில பாட்டுக்கு அந்த இடம் கிர்ரென்று அதிரும். ஆறுவதற்குள் ஒரு ஸ்டீல் அளவுகோலால் தட்டையாக்கலாம், கை வேகம் வேண்டும். இரண்டாவது, வெயில். காரின் பின்பக்கத் தட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்கு என் மச்சான் இப்படித்தான் ஒட்டினார். சித்திரையில் ஒரு நாள் கல்யாண மண்டபத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், துணி ஒரு பக்கமாக நழுவிச் சுருங்கி, பசை சீஸ் மாதிரி நூல் விட்டிருந்தது. மூடிய காருக்குள் 60 டிகிரி தாண்டுவது நம் ஊரில் ஆச்சரியமில்லை. அந்தச் சூட்டில் சாதாரண க்ளூ ஸ்டிக் இளக ஆரம்பித்துவிடும். காருக்குச் சொல்யூஷன்தான். வேறு பேச்சில்லை.

ஸ்ப்ரே பசையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 3எம் சூப்பர் 77 போன்றவை. அடித்தால் பனி மாதிரி சீராகப் படிகிறது, பார்க்க அழகு. ஆனால் பனி எங்கே படியும் என்பது நம் கையில் இல்லை. சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பசை வேண்டும் என்பதற்காக, மற்ற இடமெல்லாம் மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் ஒட்ட வேண்டும். அதற்குள் டூத் பிரஷ்ஷில் இரண்டு சட்டம் முடித்துவிடலாம். துணியின்மேல் நேராக அடித்துவிட்டால் கதை முடிந்தது; கண்ணிகள் அடைபடும், தூசி வந்து குடியிருக்கும்.

ஸ்ப்ரே நன்றாக உதவுகிற இடம் ஒன்று உண்டு: பழைய வால்வு ரேடியோ. அதில் துணி சட்டத்தில் இழுத்துக் கட்டியதாக இருக்காது. ஸ்பீக்கர் ஓட்டை வெட்டிய ஒரு முழுப் பலகையின்மேல் பரப்பி ஒட்டியிருப்பார்கள். பரப்பு பெரிது, மெல்லிய சீரான பசை வேண்டும். பலகைக்கு மட்டும் அடித்து, கொஞ்சம் காயவிட்டு, துணியை ஒரு ஓரத்திலிருந்து உருட்டிக்கொண்டே வைக்கலாம். பழைய ரேடியோக்களில் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டியதையும் பார்க்கலாம். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு வைத்தால் அது இளகிவிடும். அதற்காகப் பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று மைதா காய்ச்சி ஒட்டாதீர்கள். சினிமா போஸ்டருக்குச் சரி. வீட்டுக்குள் என்றால் கரப்பானுக்கும் புத்தகப் பூச்சிக்கும் நீங்கள் போடும் விருந்து அது, மழைக்காலத்தில் பூசணமும் சேர்ந்துகொள்ளும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இந்த வேலைக்கே ஆகாது: தண்ணீர் மாதிரி இருப்பதால் துணிக்குள் ஓடும், காய்ந்த இடம் தகடு மாதிரி விறைக்கும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். பருத்தித் துணியில் நிறையப் பட்டால் சூடாகிக் கையைச் சுடும். இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டுகிற அரால்டைட் துணிக்கு வேண்டாம், ஆனால் சட்டத்தின் மூலையில் பெட்டிக்குள் செருகுகிற குமிழ் உடைந்திருந்தால் அதை ஒட்ட அதைவிட நல்லது இல்லை. இரட்டைப் பக்க டேப் முதல் வாரம் நன்றாக இருக்கும். இடைவிடாத இழுவைக்கு மெல்ல நகர்ந்துகொண்டே போகும், பொங்கலுக்கு ஒட்டியது ஆடியில் தொங்கும். தற்காலிகமாகத் துணியை நிறுத்திவைத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் ரிப்பேர் கடைகளில் டிஸ்பிளே ஒட்டுகிற பி-7000 சின்னப் பிளாஸ்டிக் சட்டங்களுக்கு உண்மையிலேயே நல்லது. ஊசிமூக்கு இருப்பதால் கோடு மாதிரி விடலாம், காய்ந்தாலும் ரப்பர் மாதிரி வளையும். இறுகப் பல மணி நேரம் ஆகும் என்பதால் கிளிப் போட்டு ஒரு இரவு விட வேண்டும்.

எந்தப் பசை எடுத்தாலும் பழைய பசையைச் சுரண்டாமல் புதியதைப் போடாதீர்கள். ஹேர் டிரையரில் சூடு காட்டினாலே பாதி வந்துவிடும். மீதிக்கு மரத்தில் தின்னர் பரவாயில்லை. பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் சட்டம் பிசுபிசுத்து உருமாறும். அதற்குச் சூடும், பொறுமையும், மழுங்கின கத்தியும்தான்.

துணி இழுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மூலையிலிருந்து தொடங்கினால் அலை அலையாக வரும். நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு கை, எதிர்ப்பக்க நடுவில் ஒரு கை, பிறகு அகலப் பக்க நடுக்கள், அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி. மத்தளத் தோல் மாதிரி இழுக்க வேண்டியதில்லை. பின்னல் கோடு சட்டத்துக்கு இணையாக ஓடினால் போதும். கறுப்புத் துணியில் இந்தக் கோடு சும்மா பார்த்தால் தெரியாது, ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தெரியும். மூலையில் சேர்கிற உபரித் துணியை மடிக்காமல் முக்கோணமாக வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த மூலையே சட்டத்தைப் பெட்டியிலிருந்து தள்ளும்.

பசை ஒலியைக் கெடுக்குமா என்றால், ஓரத்தோடு நிற்கும்வரை இல்லை. ஒலியைக் கெடுப்பது துணிதான். வாங்கும்போதே துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தடையில்லாமல் படவேண்டும். பிளவுஸ் துணி மிச்சம் இருக்கிறது என்று போட்டால் உயர் சுரங்கள் மங்கிப்போகும், அதற்கு எந்தப் பசையும் பொறுப்பில்லை.

என் ஜோடியில் இடது பக்கம் இஸ்திரி முறையில் அரை நாளில் முடிந்தது. கோடு விழுந்த வலது பக்கத்தைப் பிரிக்கத்தான் பாடு. சொல்யூஷன் சொன்ன வாக்கைக் காப்பாற்றும் பசை. பிரிக்கும்போது பார்ட்டிகிள் போர்டின் மேல்தோலையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அந்தப் பள்ளங்களை அடைத்துத் தேய்த்துச் சமமாக்க இன்னொரு ஞாயிறு போனது. துணிக்கும் அரை மீட்டர் கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் இந்த முறை, "பசை ஏதும் வேணுமா?" என்று கேட்டார். வீட்டில் ஃபெவிகால் இருக்கிறது என்றேன்.